செம்புக் கம்பிப் பூக்கள்

முத்துக்கனி கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த புதிதில் அந்த ஊர் அவளுக்குப் பிடிக்கவில்லை. குடிக்கிற தண்ணீரில் உப்பு, காற்றில் கருவாட்டு வாசம், எந்தத் தெருவில் திரும்பினாலும் பஞ்சு மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி. பிடித்தது புருஷனின் கடை மட்டும்தான்.

மந்திரமூர்த்தி ஹார்பருக்குப் போகிற ரோட்டில் காயலான் கடை வைத்திருந்தான். கப்பல்காரர்கள் கழித்துப் போட்டது, துரைமார் சீமைக்குத் திரும்பும்போது பங்களாவில் ஏலம் விட்டது, மில்லில் தேய்ந்து ஓய்ந்தது எல்லாம் அங்கே வந்து குவியும். மத்தியானம் சோற்றுத் தூக்குச்சட்டியோடு போகிற முத்துக்கனி, அவன் சாப்பிட்டு முடிக்கிறவரை அந்தக் குவியல்களுக்கு நடுவே குந்தியிருப்பாள். நகைக்கடையில் நிற்கிற பெண்களின் கண் மாதிரி அவள் கண் அங்குமிங்கும் போகும்.

ஒரு நாள் கிழிந்துபோன கப்பல் கொடி ஒன்று அவள் கையில் சிக்கியது. நல்ல மஞ்சள். வெயிலிலும் உப்புக் காற்றிலும் எத்தனையோ வருஷம் பறந்து, ஓரத்தில் வெளுத்து, நடுவில் மட்டும் அந்த நிறம் அப்படியே இருந்தது.

"இது என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்டாள்.

"அது கரித்துணிளா. சட்டி எறக்க வச்சுக்கிடு" என்றான் மந்திரமூர்த்தி.

அவள் சட்டி இறக்க வைத்துக்கொள்ளவில்லை. மஞ்சளை மட்டும் வெட்டி எடுத்தாள். உடைந்த மின்விசிறியிலிருந்து பிரித்த செம்புக் கம்பியைக் காம்பாக்கி, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளில் இலை நறுக்கி, ஓர் ஆவாரங்கொத்துச் செய்து தம்ளரில் நிறுத்தினாள். மந்திரமூர்த்தியின் தங்கை சீனித்தாய் அப்போது பாவாடை தாவணி கட்டுகிற வயது. ஓடி வந்து மூக்கை வைத்து மோந்து பார்த்தாள்.

"மயினி, மணக்கலியே!"

அவ்வளவு நிசமாக இருந்தது என்று மாமியார் சந்தனமாரிகூடச் சிரித்தாள். முத்துக்கனிக்கு மட்டும் திருப்தி இல்லை. ஆவாரம்பூவைப் பிறந்ததிலிருந்து பார்த்து வந்தவள், கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபோதுதான் தான் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்று கண்டாள். ஐந்து இதழும் ஒரே அளவா? நடுவில் வளைந்து நிற்கிற அந்தக் கொம்புகள் எந்தப் பக்கம் வளைகின்றன? இலை எதிரெதிரே இருக்கிறதா, மாறி மாறியா? ஒன்றும் நினைவில் வரவில்லை.

அதற்காகத்தான் அவர்கள் நடக்கத் தொடங்கினார்கள்.

தை பிறந்துவிட்டால் அடைமழையின் ஈரம் மண்ணுக்குள் இறங்கி, வெயில் இன்னும் கடுக்காமல் இருக்கும். மில்லர்புரம் தாண்டி வீடுகள் ஓய்ந்த இடத்தில் உடைமரமும் முள்ளுமாகக் கிடக்கிற வெளியில் அந்த ஒன்றிரண்டு மாதம் கால் வைக்க இடமில்லாமல் பூத்துக் கிடக்கும். மாசி முடிந்து பங்குனி வெயில் ஏறினால் எல்லாம் சருகாகிவிடும். அண்ணியும் நாத்தியும் விடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். மாமியாரிடம் சொல்வது, சுள்ளி பொறுக்கப் போகிறோம் என்று. அது பொய்யும் இல்லை. திரும்புகிற வழியில் அவசர அவசரமாக ஆளுக்கு ஒரு கட்டு பொறுக்கிக்கொண்டு வருவார்கள்.

பூவைப் பறிக்கக் கூடாது என்பது முத்துக்கனியின் சட்டம். வீடு வந்து சேர்வதற்குள் அது வாடி வேறு பூவாகிவிடும். ஆகவே செடிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்ப்பார்கள். விஷ்ணுகிராந்தி நீலப் பொட்டு வைத்தது போலத் தரையோடு தரையாகக் கிடக்கும். உச்சி வெயிலுக்கு முன் மூடிக்கொள்ளும். கொழுஞ்சி கருஞ்சிவப்புக்கும் ஊதாவுக்கும் நடுவில் ஒரு நிறம். ஓர் இதழ் படம் எடுத்தது போல் பின்னால் நிற்க, மற்றவை அதன் மடியில் ஒடுங்கியிருக்கும். கடற்கரைப் பக்கம் போனால் மணல் மேட்டைப் பிடித்துக்கொண்டு அடம்பங்கொடி. சீனித்தாய்க்கு வாய் ஓயாது. "மயினி, இதுக்கு மீசை இருக்கு பாருங்க. மயினி, இவ எங்க பெரியம்மைய மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா." முத்துக்கனிக்குப் பேச்சு வராது. விரல் நுனியால் இதழின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பாள். அந்தத் தடவல் அவள் கையில் தங்கிவிடும். வீட்டுக்கு வந்து, நைந்துபோன குடைத்துணியிலும் பழைய பட்டுச் சேலை முந்தியிலும் அது மறுபடி வரும்.

தெருவில் கேட்காமல் இருப்பார்களா? "காட்டுல என்னளா புதைச்சு வச்சிருக்கீய ரெண்டு பேரும்?" என்று கேட்டார்கள். "சுள்ளி" என்று சொல்லிவிட்டு இருவரும் சிரித்துக்கொண்டு உள்ளே போவார்கள்.

மந்திரமூர்த்தி நல்லவன்தான். பெண்டாட்டியின் இந்தப் பைத்தியம் அவனுக்கு விளங்கவில்லை; தடுக்கவும் இல்லை. ஏலத்தில் ஏதாவது வினோதமாக வந்தால் தனியே எடுத்து வைப்பான். சிப்பிப் பொத்தான் ஒரு டப்பா, சரவிளக்கிலிருந்து உதிர்ந்த கண்ணாடி மணி, யாரோ மாலுமி விட்டுப்போன சரிகை வைத்த தொப்பி. "இது ஒனக்கு ஆகுமா பாரு" என்று மடியில் போடுவான். அவளுக்கு வாழ்நாளில் வேறு யாரும் அப்படிக் கேட்டுப் பரிசு கொடுத்ததில்லை.

சீனித்தாய்க்கு ஆறுமுகநேரியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். உப்பளத்தில் கணக்கெழுதுகிற சிவசுப்பிரமணியன். இரண்டு வருஷம் பொறுத்துக் கல்யாணம் என்று பேச்சு. அன்றைக்கே முத்துக்கனி ஒரு தீர்மானத்துக்கு வந்தாள். நாத்தியாளின் மணவறையை அவள் கையால் கட்டுவாள். அதில் ரோஜாவும் தாமரையும் இருக்காது. இருவரும் நடந்து பார்த்த பூக்கள்தான் இருக்கும்.

"கொழுஞ்சியக் கொண்டுபோய் மணவறையிலயா கட்டுவீய? ஆடு மேய்க்கவ கல்யாணம்னு சொல்லப் போறாங்க" என்றாள் சீனித்தாய். சொல்லும்போதே அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கியிருந்த காலம் அது. ஆனாலும் அது எங்கேயோ நடந்துகொண்டிருந்தது. முத்துக்கனி பூப்பூவாகச் செய்து, பழைய தேயிலைப் பெட்டிகளில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் வரிசையாகப் படுக்கவைத்துப் பரணில் ஏற்றினாள். ஒரு கொழுஞ்சிக் கொத்து சரியாக வர ஒரு மாசிக் காலமே போயிற்று. அந்த நிறம் எந்தத் துணியிலும் கிடைக்கவில்லை. கடைசியில் பங்களா ஏலத்தில் வந்த ஒரு துரைசானியின் கிழிந்த கவுனுக்கு உள்ளே, வெயில் படாத மடிப்பில் அது இருந்தது. அன்றைக்கு அவள் கடையில் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுச் சிரித்தாள் என்று மந்திரமூர்த்தி வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிறகு கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். கொழும்பு தூத்துக்குடிக்காரனுக்குப் பக்கத்துத் தெரு மாதிரி; பாதிப் பேருக்கு அங்கே கடையும் உறவும் உண்டு. அடுத்த குண்டு நமக்குத்தான் என்று ஊரே மூட்டை கட்டியது. பெண்டு பிள்ளைகளை உள்நாட்டுக்கு அனுப்பிவிட்டு ஆண்கள் கடையைப் பார்த்துக்கொண்டு தங்கினார்கள். முத்துக்கனி மாமியாரையும் நாத்தியாளையும் கூட்டிக்கொண்டு தேரிக்காட்டுப் பக்கம் இருந்த தன் அப்பன் வீட்டுக்குப் போனாள். கிளம்புகிற அன்று பரணைக் காட்டி, "மழ ஒழுகினா அந்தப் பெட்டியள மட்டும் தள்ளி வச்சிருங்க" என்று புருஷனிடம் சொன்னாள். அவன் தலையாட்டினான்.

அங்கே பனையேற்றக் காலம். செக்கச் செவேலென்ற மணலைச் சீனித்தாய் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். பூக்காலம் முடிந்திருந்தாலும் ஆவாரை மட்டும் அங்கங்கே நின்றது. சிவப்பு மண்ணில் அந்த மஞ்சள் வேறு மாதிரி இருக்கிறது என்று இருவரும் காலையில் நடந்துபோய்ப் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு இன்னும் என்னென்ன குறைகிறது என்று பேசிக்கொண்டார்கள். குண்டு விழவில்லை. ஆனி பிறந்ததும் ஊர் திரும்பினார்கள்.

வந்த அன்றே முத்துக்கனி பரணில் ஏறினாள். பெட்டிகள் இருந்தன. வைக்கோல் இருந்தது. உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாள்கூட உரிக்கப்பட்டிருந்தது.

கடையிலிருந்து மந்திரமூர்த்தி வந்ததும் கேட்டாள். "பூவெல்லாம் எங்க?"

"எந்தப் பூ?" என்றான். நிசமாகவே அவனுக்கு ஒரு நொடி நினைவு வரவில்லை. "ஓ, அதா? செம்பு வெல ஏறிக் கெடந்துச்சுல்லா. பட்டாளத்துக்கு எடுக்க ஒரு கான்ட்ராக்டர் வந்தாரு. செம்பு, ஈயம், பித்தளை ஒண்ணு விடாம மொத்தமா வேணும்னாரு. பரண்ல கெடந்ததையும் சேத்து எடைக்கு நிறுத்துட்டேன்."

"பூவயா நிறுத்தீய?"

"துணியப் பிச்சுப் போட்டுட்டுத்தான் நிறுத்தேன். துணிக்கு எட கட்டுனா பாவம்லா?"

"பிச்ச துணி?"

"அடுப்புக்குப் போச்சு. ஏன், அதுல என்ன இருக்கு?"

"சீனி கல்யாணத்துக்கு வச்சிருந்தேன்" என்றாள்.

"அதுக்கென்ன, அசல் பூவுலயே கட்டிருவோம். மதுரையிலேருந்து மல்லி எறக்குவோம். இப்ப நமக்கு என்ன கொறச்சல்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"என்னத்தக் கேக்க? எல்லாம் நம்ம கடச் சாமான்தானளா."

அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு மூச்சை அடைத்தது. கொடி அவன் கடைக் கொடி, கம்பி அவன் கடைக் கம்பி. அவளுடையது என்று அதில் எதைக் காட்டுவாள்? அவனுக்குக் கோபமும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. குளித்துவிட்டு வந்து சோறு போடச் சொன்னான். அவள் போட்டாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மதுரை மல்லிகைதான். சீனித்தாய் மணவறையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தடவை நிமிர்ந்து மேலே பார்த்தாள். முத்துக்கனி பந்தி பார்க்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஊசியைத் தொடவில்லை. தைமாதம் வந்தது, போயிற்று. சுள்ளி வாங்கக் காசு இருந்தது. காட்டுக்குப் போகக் காரணம் இல்லை. மந்திரமூர்த்திக்கு யுத்தத்தில் தொழில் ஓங்கியது. ஓட்டு வீட்டைக் காரை வீடாக்கினான். வீட்டுக்கு மின்சார விளக்கு வந்தது. முன்போல ஏதாவது எடுத்து வந்து, "ஒனக்கு ஆகுமா பாரு" என்பான். "ஆகாது" என்பாள். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அவனும் கேட்பதை விட்டான்.

ஆறுமுகநேரியில் வாந்திபேதி வந்தபோது சிவசுப்பிரமணியன் செத்துப்போனான். சீனித்தாய்க்குப் பிள்ளை இல்லை. வெள்ளைச் சேலையோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சந்தனமாரி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடிந்ததும், காலையில் எழுந்து எதிரே வராமல் இருக்கச் சொன்னாள். கடைக்குப் போகிற மகன் முதலில் யார் முகத்தில் முழிக்கிறான் என்பது அவளுக்கு முக்கியம். வாய் ஓயாமல் பேசிய பெண் அடுப்படிக்குப் பின்னால் ஒரு மூலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு கிடந்தாள். முத்துக்கனிக்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருக்கும். என்ன சொல்வது என்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் சோறு வைப்பாள்.

சண்டை முடிந்தது. பட்டாளத்தார் கழித்த சாமான்களை மலைமலையாக ஏலம் விட்டார்கள். ஒரு நாள் மந்திரமூர்த்தி வண்டி நிறையக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினான். பாரசூட்டுத் துணி, தொட்டால் வழுக்குகிற பட்டு. பச்சை, சிவப்பு, நீலம் என்று நூல் சுற்றிய டெலிபோன் கம்பி. புதுப் பித்தளைப் பொத்தான் சாக்குக் கணக்கில். துணி ரேஷனில் இருந்த காலம். தெருப் பெண்கள் வாசலில் நின்று வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"எல்லாம் ஒனக்குத்தான்" என்றான் மந்திரமூர்த்தி. அவன் முகம் பிரகாசமாக இருந்தது. "முந்தி செஞ்சேல்லா, அதே மாதிரி செய்யி. மணவறைக்கு வாடகைக்கு விடலாம். ஊர்ல ஒருத்தங்கிட்டயும் இப்படி ஒரு சாமான் கெடையாது."

"எனக்கு வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

அவனுக்குப் புரிய வெகுநேரம் ஆயிற்று. புரிந்ததும் ஆச்சரியப்பட்டான். "அந்தப் பரண் சாமானுக்காகவா? இத்தன வருஷமாவா மனசுல வச்சிருக்க? அதப்போலப் பத்து மடங்கு இன்னைக்குக் கொண்டுவந்து போட்டிருக்கேனே!"

பட்டு முற்றத்திலேயே கிடந்தது.

அதை எடுத்தவள் சீனித்தாய். மாட்டுக் கொட்டகைப் பக்கம் இருந்த அறையில் உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள். அண்ணன் கேட்டது ரோஜா. இளஞ்சிவப்புச் சாயம் முக்கி, ரோஜா ரோஜாவாகச் செய்தாள். மணவறை வாடகைக்குப் போயிற்று. கேட்டு ஆள் வந்தார்கள். தாலியறுத்தவள் செய்தது என்றால் யாரும் வாசலில் ஏற்றமாட்டார்கள் என்பதால், மந்திரமூர்த்தி எல்லாரிடமும் தன் பெண்டாட்டியின் கைவேலை என்று சொல்லி வைத்தான்.

ஒரு நாள் சீனித்தாய் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "மயினி, கொழுஞ்சிக்கு அந்தப் பின்னால நிக்கிற இதழ எப்படி வெட்டுவீய? எனக்குச் சுருண்டு சுருண்டு போவுது."

முத்துக்கனி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"மயினி."

"ஒங்க அண்ணன்கிட்டக் கேளு. அவுகளுக்குத்தான செய்யுத."

சீனித்தாய் போகவில்லை. "ஒங்களுக்குக் கோவப்பட்டுட்டு இருக்க ஒரு வீடு இருக்கு மயினி. நான் இங்கன திங்கிற சோத்துக்கு என்னத்தையாவது செஞ்சாத்தான் உண்டு" என்றாள்.

முத்துக்கனிக்கு அது சுட்டது. சுட்டதால் இன்னும் இறுகிப்போனாள். அதன் பிறகு இருவருக்கும் பேச்சு வார்த்தை குறைந்தது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சோறு தின்றுகொண்டு, மோர் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு மேல் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. மாசி மாதம் ஒரு நாள் விடிகாலையில் சீனித்தாய் தனியாக எங்கோ போய்விட்டு வந்தாள். சேலைக் கரையெல்லாம் ஒட்டுப்புல் முள். முத்துக்கனி கிணற்றடியிலிருந்து பார்த்தாள். எங்கே போய்விட்டு வருகிறாள் என்று அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை.

அடுத்த தையில் ஊரில் பெரிய மளிகை மொத்த வியாபாரி வீட்டுக் கல்யாணம். மணவறை மந்திரமூர்த்தியுடையது. புருஷனும் பெண்டாட்டியும் போனார்கள். பந்தலுக்குள் நுழைந்ததும் முத்துக்கனி மணவறையைப் பார்த்தாள். தூண் முழுக்க ரோஜா. எல்லாம் ஒரே அச்சு. அவள் முகத்தைத் திருப்பப் போனாள். அப்போதுதான் உச்சியில், விதானத்தின் ஓரமாக ஓடிய ஒரு வரிசை கண்ணில் பட்டது. கொழுஞ்சி. யாரும் கேட்காமல், யாருக்கும் தெரியாத உயரத்தில், சீனித்தாய் தானாகச் செய்து வைத்தது. பின்னால் நிற்கிற இதழ் சுருளவில்லை. படம் எடுத்தது போல் நின்றது. நிறமும் அதே நிறம். எதை எதோடு கலந்து சாயம் காய்ச்சினாளோ. முத்துக்கனி ஒரு நாளும் அவ்வளவு சரியாகச் செய்ததில்லை.

அந்த நேரம் பெண்ணின் தாயார் பட்டு சரசரக்க வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் ஒங்க கைவேலையாமே! இப்படி ஒரு மணவறைய நான் பாத்ததே இல்ல."

மந்திரமூர்த்தி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"நான் செய்யல" என்றாள் முத்துக்கனி. "எங்க சீனித்தாய் செஞ்சது."

"சீனித்தாயா?" அந்த அம்மாளின் கை நழுவியது. "ஆறுமுகநேரியில குடுத்து, அறுத்துட்டு வந்தாளே, அவளா?"

மேளக்காரர்கள் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த அம்மாள் உள்ளே போனாள். இரண்டு ஆண்கள் ஏணி கொண்டுவந்தார்கள். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்ததால் அவிழ்க்க நேரமில்லை, பிடித்து இழுத்தார்கள். ரோஜாக்கள் கொத்துக் கொத்தாக வந்தன. உச்சி வரிசை கம்பியோடு முறுக்கிக் கட்டியிருந்ததால் எளிதில் வரவில்லை. அரிவாளால் வெட்டினார்கள். வாழைக்குருத்தும் தென்னங்குருத்தும் அவசரமாகக் கட்டித் தாலி கட்டினார்கள்.

"ஒரே வார்த்தையில தொழில அழிச்சுட்டியேளா" என்று மந்திரமூர்த்தி வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டான். சந்தனமாரி மருமகளை ஒன்றும் சொல்லவில்லை, மகளைத்தான் திட்டினாள். "மங்கல காரியத்த நீ எதுக்குளா தொட்ட? ஒனக்கே தெரிய வேண்டாமா?" தைக்கச் சொன்னவன் அவள் அண்ணன் என்பதை அந்த வீட்டில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

சீனித்தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தாள். எல்லாரும் ஓய்ந்த பிறகு முத்துக்கனியிடம் வந்தாள்.

"ஏன் மயினி சொன்னீய?"

"உண்மையத்தான சொன்னேன்."

"ஆமா" என்றாள் சீனித்தாய். "உண்மைதான்."

மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரமே ஆறுமுகநேரிக்குப் போய்விட்டாள். புருஷன் வழியில் ஒரு தூரத்து உறவு வீட்டில் ஒண்டிக்கொண்டு உப்பளத்தில் உப்புப் பெட்டி சுமக்கிறாள் என்று பிறகு தெரியவந்தது. மந்திரமூர்த்தி மீந்த பட்டுத் துணியையெல்லாம் ஒரு நாடகக் கம்பெனிக்காரனுக்குத் தள்ளிவிட்டான்.

முத்துக்கனி தன்னையே பலமுறை கேட்டுப் பார்த்தாள். அந்த வரிசையைப் பார்த்த மகிழ்ச்சியில், செய்தவளுக்குப் பேர் போகட்டும் என்று சொன்னோமா? புருஷன் சிரித்த சிரிப்பை உடைக்கச் சொன்னோமா? தன்னைவிட நன்றாகச் செய்துவிட்டாளே என்ற காந்தலா? மூன்றும் இருந்தன என்றுதான் அவளுக்குத் தோன்றியது. எது முன்னால் வந்தது என்று தெரியவில்லை. என்ன நடக்கும் என்பது மட்டும் அவளுக்கு வாயைத் திறக்கும் முன்னாலேயே தெரிந்திருந்தது. அதை அவள் தனக்குள் மறைக்க முயலவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு மாசியில், யாரிடமும் கேட்காமல் பஸ் ஏறி ஆறுமுகநேரிக்குப் போனாள். உப்பளத்தின் வரப்பில் நின்று விசாரித்தாள். தூரத்தில் பெட்டி சுமந்துபோன பெண்களில் ஒருத்தி திரும்பி வந்தாள். கறுத்து, மெலிந்து, குதிகால் வெடித்து. கிட்டே வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்த பிறகுதான், "மயினியா?" என்றாள்.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வரப்போடு நடந்தார்கள். இரண்டு பக்கமும் கண்ணைக் குத்துகிற வெள்ளை.

"வீட்டுக்கு வாளா" என்றாள் முத்துக்கனி. "அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக. அத்தைய நான் பாத்துக்கிடுதேன்."

"எதுக்கு மயினி? இங்கன கூலி குடுக்காங்க. யாரு கையால அள்ளுன உப்புன்னு ஒருத்தரும் கேக்கதில்ல."

வரப்பு முடிகிற இடத்தில் உப்புப் படியாத கொஞ்சம் மண் இருந்தது. மழை ஈரத்தில் அங்கே ஏதோ சின்னச் செடிகள் பூத்திருந்தன. முத்துக்கனி குத்தவைத்து உட்கார்ந்தாள். பல வருஷத்துக்குப் பிறகு உட்கார்கிறாள். முழங்கால் வலித்தது. "இது என்ன பூன்னு தெரியலையே. இங்க வந்து பாரேன்."

சீனித்தாய் குனிந்தாள். கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தாள். "என்ன நெறம்?"

"ஊதா. அடியில கொஞ்சம் நீலம் ஓடுது."

"எனக்கு ஒண்ணும் பிடிபடல மயினி. இந்த வெள்ளையப் பாத்துப் பாத்து எல்லாம் சாம்பலாத்தான் தெரியுது. இங்கன எல்லாருக்கும் அப்படித்தான்." குற்றம் சொல்கிற குரல் இல்லை. உப்பளத்தில் காலில் புண் வரும் என்பதைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

முத்துக்கனி அவள் காலைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தாள். "நான் அன்னைக்கு வாயத் தொறந்திருக்கக் கூடாது சீனி" என்றாள்.

சீனித்தாய் நிமிர்ந்தாள். சும்மாட்டுத் துணியை உதறி மறுபடி சுருட்டினாள். "அந்தப் பேச்செல்லாம் வேண்டாம் மயினி. சாப்பிட்டுட்டுத்தான வந்தீய?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. மேஸ்திரி கூப்பிட்டுக்கொண்டிருந்தான். போய்ப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் சேர்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகும் முத்துக்கனி வருஷா வருஷம் மாசியில் ஆறுமுகநேரிக்குப் போய்வந்தாள். கருப்பட்டியும் ஒரு சேலையும் கொண்டுபோவாள். சீனித்தாய் வாங்கிக்கொள்வாள், அண்ணன் சுகமா, அம்மைக்கு இருமல் எப்படி என்று விசாரிப்பாள். தூத்துக்குடிக்கு மட்டும் அவள் வரவே இல்லை.